மீதி நாற்பது வாரம்

எங்கள் தொழிற்சாலையில் அவருக்கு ‘மத்த நாள் அம்மா’ என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பட்டியலைத் தயாரித்தவன் நான்தான் என்பதால் அது எனக்கு நன்றாகவே தெரியும். இங்கே எழுதப்போவதில்லை. ஒருவரின் பெயரை அவர் சம்மதமில்லாமல் எழுதக் கூடாது என்பது ஒரு காரணம். அவர் இதைப் படிக்க நேர்ந்தால் திருத்தி அனுப்புவார் என்பது இன்னொன்று.

அது மருந்துக் குப்பிகள் செய்யும் கண்ணாடித் தொழிற்சாலை. பெங்களூரின் மேற்கு ஓரத்தில், ரயில் பாதையை ஒட்டி இருந்தது. பாதைக்கு இந்தப் பக்கம் மல்லேஸ்வரம். அங்கிருந்து குமாஸ்தாக்கள் வந்தோம். அந்தப் பக்கம் ஸ்ரீராம்புரம். அங்கிருந்து உலைக்காரர்கள் வந்தார்கள். ஐம்பதுகளின் கடைசி. நான் பர்சனல் பிரிவில் முதல்நிலை எழுத்தர். விடுப்பு, எச்சரிக்கைக் கடிதம், குற்றப்பத்திரிகை, வேலைநீக்கம் எல்லாவற்றுக்கும் படிவம் எது, நகல் எத்தனை, யாருக்கு முதலில் போக வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்டதில்லை.

அவர் புள்ளிவிவர உதவியாளர். உற்பத்தி மேற்பார்வையாளர் அறைக்குப் பக்கத்தில் ஒரு தடுப்புக்குள் உட்கார்ந்திருப்பார். மேஜைமேல் கையால் சுற்றும் கணக்கு இயந்திரம் ஒன்று. கைப்பிடியைச் சுற்றினால் கரகரவென்று பெருக்கும், கூட்டும். வகுக்கும்போது ஒரு சுற்று அதிகமாகப் போய்விட்டால் டிங் என்று மணி அடிக்கும். எங்கள் பிரிவுவரை அந்தச் சத்தம் கேட்கும். பதவி தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்க வேண்டும். நீட்டிப்புக் கோப்பும் என் மேஜையில்தான் பிறக்கும்.

பெயர் வந்தது கேன்டீனில். டெஸ்பாட்ச் குமாஸ்தா ஒருவர் தன் கோடு போட்ட சட்டையைக் காட்டிப் புலம்பிக்கொண்டிருந்தார். “இந்தச் சட்டை போட்டாலே ஸூப்பரின்டெண்டன்ட்கிட்ட திட்டு கேரண்டி, ஸார்.”

பக்கத்து மேஜையிலிருந்து, காபி டம்ளரைக் கீழே வைக்காமல், இவர் கேட்டார். “எத்தனை நாள் போட்டீங்க?”

“நாலு நாள் இருக்கும்.”

“நாலு நாளும் திட்டா?”

“மூணு நாள்.”

“சரி. மத்த நாள்?”

“மத்த நாள்னா?”

“இந்தச் சட்டை போடாத நாள். அன்னிக்கெல்லாம் திட்டலையா?”

அவர் யோசித்தார். நேர்மையான மனிதர். “அன்னிக்கும் திட்டுவார்.”

“அப்ப பாவம், சட்டையை விட்டுடுங்க.”

கேன்டீன் முழுக்கச் சிரித்தது. கேட்டவர் சிரிக்கவில்லை. கேலிக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் அவரிடம் பயமான விஷயம்.

தினமும் குடை கொண்டுவருவார், வெயில் கொளுத்தினாலும். “மழை வரும்னு எப்படி அவ்வளவு நிச்சயம்?” என்று ஒருமுறை சீண்டினேன். “நிச்சயம் இல்லை ஸார். இந்த மாசம் பத்து நாளைக்கு மூணு நாள் பெய்யும். பத்து நாள் குடை சுமக்கறது, மூணு நாள் நனையறதைவிடத் தேவலை” என்றார். நான் குடை எடுத்துவருவதில்லை. அன்று மழை பெய்யவில்லை. நான் வென்றதாக நினைத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், ஒரு நாளை வைத்து வென்றவன் எவ்வளவு அற்பம் என்பது இருந்தது.

கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று அலுவலகம் முழுக்கத் தெரியும். பெண் பார்க்க வந்த முதல் வீட்டாரின் குதிரை வண்டி வழியில் கவிழ்ந்து மாப்பிள்ளையின் மாமாவுக்குக் கால் முறிந்தது. இரண்டாவது வரன் வீட்டில், பார்த்துவிட்டுப் போன வாரமே கிழவர் ஒருவர் காலமானார். அத்தோடு ராசி இல்லாதவள் என்று முத்திரை விழுந்தது. தலைமை எழுத்தர் இதைக் குரலைத் தாழ்த்திச் சொன்னபோது, தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

“அந்த வருஷம் மல்லேஸ்வரத்துல எத்தனை வீட்டுக்குப் பொண்ணு பார்க்கப் போயிருப்பாங்க ஸார்? மத்த வீட்டுக்குப் போனவங்க வீட்டுக் கிழவர்களெல்லாம் இன்னும் உயிரோட இருக்காங்களா? யாராவது எழுதி வெச்சிருக்காங்களா?”

தலைமை எழுத்தர் அதற்குப் பிறகு அவரிடம் விடுப்புப் பாக்கியைக்கூட எழுத்தில்தான் தெரிவித்தார். ‘மத்த நாள் அம்மா’வின் குணத்துக்கெல்லாம் இந்தச் சம்பவம்தான் வேர் என்று சொல்லிவிட எனக்கு ஆசைதான். ஒரு சம்பவத்தை வைத்து அப்படிச் சொன்னால் அவர் என்ன கேட்பார் என்பது தெரியும்.

இனி முனிரத்தினம்.

வார்த்த குப்பி கொதிக்கக் கொதிக்க வரும். அதை நீளமான ஓர் அடுப்புக்குள் மெள்ள நகர்த்தி மணிக்கணக்கில் ஆறவைக்க வேண்டும். அவசரமாக ஆறினால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் கழித்து, சில சமயம் ஏதோ ஓர் ஆஸ்பத்திரி அலமாரியில், தானாக விரிசல் விடும். அந்த ஆறவைக்கும் உலையின் சூட்டைப் பார்த்துக்கொள்ள முறைவைத்து எட்டுப் பேர். முனிரத்தினம் அதில் ஒருவர். பன்னிரண்டு வருஷ சர்வீஸ். ஸ்ரீராம்புரத்தில் ஒற்றை அறை வீடு, மனைவி, இரண்டு பெண்கள். உலைக்காரர்களுக்குக் கையுறை வேண்டும் என்று முந்தின வருஷம் மேற்பார்வையாளர் அறை வாசலில் நின்று உரக்கக் கேட்டவர். கையுறை வந்தது. உரக்கக் கேட்டது மறக்கப்படவில்லை.

அந்த வருஷம் விரிசல் அதிகம். பம்பாய் மருந்துக் கம்பெனி ஒன்று பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பியது. பொறுப்பு நிர்ணயம் என்று ஒரு நடைமுறை உண்டு. அதன் முதல் படி யார் பொறுப்பு என்று முடிவுசெய்வது, மற்றவை அதற்கப்புறம்.

மேற்பார்வையாளர் கன்னடக்காரர். எங்களிடம் தமிழ்தான் பேசுவார், கோபம் வரும்வரை. என்னைக் கூப்பிட்டார்.

“முனிரத்தினத்துக்குச் சார்ஜ் ஷீட் போடப்பா. வேணும்னே அலட்சியம். டிஸ்மிஸல் வரைக்கும் போகணும். கேஸ் ஸ்ட்ராங்கா இருக்கணும், கொத்தாய்த்தா, புரிஞ்சுதா?”

“ஆதாரம் ஸார்?”

“ரிஜிஸ்டர் இருக்கே. ரெலவன்டானதை மட்டும் அனெக்ஸர்ல போடு.”

தொடர்புள்ள பதிவுகளை மட்டும் அனெக்ஸராக, அதாவது இணைப்பாக, சேர்க்கவும் என்பது அலுவலகக் கையேட்டில் இருப்பதுதான். கோப்பு தடிக்கக் கூடாது. அதிகாரிக்குத் தேவையில்லாத பக்கத்தைப் புரட்ட வைப்பவன் நல்ல எழுத்தன் அல்ல. அப்போதுதான் முடிந்திருந்த அந்த வருஷத்து ரிஜிஸ்டரை எடுத்தேன். வாரம்தோறும் முனிரத்தினம் எத்தனை ஷிப்டு உலையில் நின்றார், நூற்றுக்கு எத்தனை குப்பி விரிந்தது என்று இரண்டும் அதில் இருந்தன. விரிசலும் அதிகம், அவர் ஷிப்டும் அதிகம் என்றிருந்த ஏழு வாரங்களை எடுத்தேன். ஒப்பீட்டுக்காக, அவர் விடுப்பில் இருந்து விரிசலும் குறைந்திருந்த மூன்று வாரங்களையும் சேர்த்தேன். அந்த மூன்றைச் சேர்க்கத் தோன்றியதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. பத்து வாரம், ஒரே தாள், மூன்று நகல். குற்றப்பத்திரிகையோடு சாட்சிப் பட்டியலும் போக வேண்டும் என்பது விதி. புள்ளிவிவர உதவியாளரும் ஒரு சாட்சி என்று முன்கூட்டியே எழுதி, முனிரத்தினத்திடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன். விசாரணை முடியும்வரை தற்காலிகப் பணிநீக்கம்.

அவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “இன்னா ஸார் எழுதிக்குது இதுல?”

“வேணும்னே அலட்சியமா இருந்து குப்பிகளை விரியவிட்டீங்கன்னு.”

“நானா? நா இன்னா சுத்தி எடுத்து ஒடச்சனா?”

“நாற்பத்தெட்டு மணி நேரத்துல எழுத்துல விளக்கம் கொடுக்கணும்.”

“எனுக்கு எழுத வராதே, ஸார்.”

அதற்கும் ஒரு நடைமுறை இருந்தது. சொன்னேன்.

மறுநாள் அனெக்ஸர் ‘மத்த நாள் அம்மா’வின் மேஜைக்குப் போனது. ஷிப்டுக்கும் விரிசலுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு வரிசை எண்கள் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்குகின்றனவா என்பதை ஒரே எண்ணாகச் சொல்லிவிடலாம். ஒன்று என்றால் முழுக்க ஒட்டிப் போகின்றன. சைபர் என்றால் ஒட்டே இல்லை. இயந்திரம் காலை முழுக்கக் கரகரத்தது. எதையும் இரண்டு முறை கூட்டுவார். ஒருமுறை மேலிருந்து கீழ், ஒருமுறை கீழிருந்து மேல். மதியம் மேற்பார்வையாளர் அறைக்குத் தாளோடு வந்தார். கோப்போடு நானும் அங்கே இருந்தேன்.

“பாயின்ட் ஏழு ஒண்ணு வருது, ஸார்.”

“ஜாஸ்தியா, கம்மியா?”

“முதல்ல ரெண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லைன்னு வெச்சுக்கணும். அப்படியிருந்தும் வெறும் தற்செயலா இவ்வளவு பெரிய எண் வருமான்னு பார்க்கணும். பத்து ஜோடிக்கு, அச்சடிச்ச கணக்கு டேபிள்ல எல்லை பாயின்ட் ஆறு மூணு. அதைத் தாண்டினா, தற்செயலா வர வாய்ப்பு இருபதுல ஒண்ணுக்கும் கீழே. இது தாண்டுது.”

“நீங்க முதல்ல இல்லைன்னு வெச்சுக்கறீங்க. நாங்க முதல்ல இருக்குன்னு வெச்சுக்கிட்டுத்தான் சார்ஜ் ஷீட்டே கொடுக்கறோம்” என்று மேற்பார்வையாளர் சிரித்தார். “ஆச்சு. கையெழுத்துப் போடு.”

“போட முடியாது, ஸார்.”

சிரிப்பு நின்றது.

“வார நம்பர் மூணு, ஏழு, எட்டு, பதினஞ்சுன்னு தாவித் தாவிப் போகுது. இந்த டேபிள், ஜோடிகளை யாரும் பொறுக்காம எடுத்திருந்தாத்தான் செல்லும். மத்த வாரம் எங்க?”

நான் கையிலிருந்த கோப்பின் நாடாவை இறுக்கிக் கட்டினேன்.

“மத்தது ரெலவன்ட் இல்லம்மா. நோடு, இங்க பாரு, கணக்கெல்லாம் எனக்கும் தெரியும். ஒரு வாரம் மோசமாப் போக, பாதிக்குப் பாதி சான்ஸ்னு வெச்சுக்கோ. இவன் இருந்த ஏழு வாரமும் மோசம். அரையை ஏழு தடவை பெருக்கு. நூத்தி இருபத்தெட்டுல ஒண்ணு. தற்செயலா வருமா இது?”

“ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் சம்பந்தம் இல்லாம இருந்தாத்தான் அப்படிப் பெருக்கலாம், ஸார். மட்டமான மணல் ஒரு லோடு வந்தா மூணு வாரம் ஓடும். மூணு வாரமும் சேர்ந்தே மோசமாப் போகும். அது மூணு இல்ல, ஒண்ணுதான்.”

மேற்பார்வையாளர் அவரைவிட்டு என்னைப் பார்த்தார். “இவங்க போஸ்ட் எக்ஸ்டென்ஷன் எப்பப்பா வருது?”

“மார்ச் முப்பத்தொண்ணு, ஸார்.” எனக்கு எல்லாத் தேதியும் தெரியும்.

“மார்ச்சுக்குள்ள முடிச்சுக் கொடுத்துடறேன், ஸார்” என்றார் அவர், நிஜமாகவே அதைத்தான் கேட்டார்கள் என்பது மாதிரி.

அன்று சாயங்காலமே ரிஜிஸ்டர் கேட்டு எழுத்தில் ஒரு கோரிக்கை வந்தது. மேற்பார்வையாளர் ஒப்புதல் வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன்.

“எந்த விதி, ஸார்?”

அப்படி ஒரு விதி இல்லை. இல்லை என்பது அந்தக் கட்டடத்தில் எனக்குத்தான் மிக நன்றாகத் தெரியும். ரிஜிஸ்டரைக் கொடுத்தேன். இதற்காக என்னை யாரும் மெச்ச வேண்டாம்; கோரிக்கையின் நகல் ஏற்கெனவே விசாரணை அதிகாரிக்குப் போயிருந்தது.

இரண்டு நாள் இயந்திரம் ஓயவில்லை. அந்தக் கரகரப்பைக் கேட்டுக்கொண்டு நான் விடுப்பு விண்ணப்பங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். மணி அடிக்கும்போதெல்லாம் பேனா நின்றது. உலை பழுது பார்த்த இரண்டு வாரம் போக, வருஷத்தில் ஐம்பது வாரம். ஐம்பதையும் சேர்த்துப் பார்த்ததில் எண் பாயின்ட் ஒண்ணு ஒண்ணு. ஐம்பது ஜோடிக்குத் தாண்ட வேண்டியது பாயின்ட் இரண்டு எட்டு. பக்கத்தில்கூட வரவில்லை.

மேற்பார்வையாளர் சாட்சிப் பட்டியலிலிருந்து ‘மத்த நாள் அம்மா’வின் பெயரை எடுக்கச் சொன்னார். “பட்டியல் முனிரத்தினம் கைக்குப் போயாச்சு, ஸார். கையெழுத்துகூட வாங்கியாச்சு” என்றேன். அதன்பின் அவர் பேசியதெல்லாம் கன்னடத்தில்.

செய்தி வாசல் கேட்டுக்குப் போய்விட்டது. மாலையில் நானும் ‘மத்த நாள் அம்மா’வும் வெளியே வரும்போது, தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பவர் உள்ளே வரக் கூடாது என்பதால், முனிரத்தினம் சாலையின் எதிர்ப்பக்கம் வேலியோரம் நின்றிருந்தார். கையில் ஒரு முழம் கனகாம்பரம்.

“அம்மா, நீதான் காப்பாத்துன. நா ஒடைக்கலன்னு நீ ஒருத்திதாம்மா சொல்லிக்கிற.”

“நீங்க ஒடைக்கலைன்னு நான் சொல்லலியே.”

பூவை நீட்டிய கை அப்படியே நின்றது. “அப்ப ஒடச்சேன்றியா?”

“அதையும் சொல்லல. உங்களாலதான்னு இந்த எண்ணை வெச்சுச் சொல்ல முடியாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

“இன்னாம்மா இது! கோயில்ல பூப்போட்டுக் கேட்டாக்கூட செவப்பா வெள்ளயான்னு ஒரு பதில் வருது.”

“அங்க ரெண்டே பொட்டலம். பாதிக்குப் பாதி. எதையாவது எடுத்துத்தானே ஆகணும்?”

முனிரத்தினம் என்னைப் பார்த்தார். “நீ சொல்லு ஸார். ரெண்டு பொண்ணு வெச்சிக்கிறேன். அடுத்த வாரம் எனுக்கு வேல இருக்குமா இருக்காதா? இந்தம்மா பேசறது ஒண்ணும் வெளங்கல.”

விசாரணையின் முடிவு குறித்து முன்கூட்டிக் கருத்துச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை என்றேன். அது உண்மை. அவர் பூவை வேலியில் சொருகிவிட்டு ரயில் பாதையைத் தாண்டிப் போனார். ‘ஆமாம், நீங்கள் உடைக்கவில்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவருக்கு என்ன குறைந்துவிடும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பத்து வாரத்தைப் பொறுக்கியவனுக்கு வந்த ஆத்திரம்.

விசாரணை மானேஜரின் பக்கத்து அறையில் நடந்தது. அதிகாரி ஓய்வுபெற்ற முன்சீப், மைசூர்த் தலைப்பாகைக்காரர், தமிழும் கன்னடமும் ஒரே வேகத்தில் பேசுவார். முனிரத்தினம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார், யாராவது எழுந்திரு என்று சொல்வார்கள் என்று எதிர்பார்க்கிறவர் மாதிரி. எதிரே மேற்பார்வையாளர். பதிவு எழுதுபவன் நான். சாட்சி சொல்வதை ஆங்கிலத்தில் எழுதி, முடிவில் சாட்சி ஒவ்வொரு பக்கத்தையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பெரும்பாலானவர்கள் படிப்பதில்லை.

பாயின்ட் ஏழு ஒண்ணையும் பாயின்ட் ஒண்ணு ஒண்ணையும் ‘மத்த நாள் அம்மா’ பதினைந்து நிமிடம் விளக்கினார். முன்சீப் பொறுமையாகக் கேட்டார்.

மேற்பார்வையாளர் எழுந்தார். “பத்து வாரத்துக்குத் தாண்டுதுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க இல்லியா? இருபதுல ஒண்ணுதான் தற்செயல்னு சொன்னதும் நீங்கதான்.”

“ஒருத்தரை மட்டும் சோதிச்சா இருபதுல ஒண்ணு, ஸார். உலையில எட்டுப் பேர். எட்டுப் பேரையும் இதே மாதிரி சோதிச்சா, யாருமே தப்பு செய்யாட்டாக்கூட, ஒருத்தராவது மாட்ட மூணுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு. மாட்டாம தப்பறதை எட்டு தடவை பெருக்கி ஒண்ணுல கழிச்சா வர்றது அது.” கொஞ்சம் நிறுத்தி, “ஆனா அந்தப் பெருக்கலும் முழுக்கச் சரியில்ல. எட்டுப் பேருக்கும் ஒரே உலை. முன்னே இவர் பெருக்கினப்ப நான் சொன்ன குறை இதுலயும் இருக்கு. தோராயம்னு எழுதிக்கணும்” என்றார்.

தன் கட்சிக்குப் பலமான வாதத்தைச் சொல்லிவிட்டுத் தானே அதில் ஓட்டை போடும் சாட்சியை முன்சீப் அதுவரை பார்த்திருக்க மாட்டார். முனிரத்தினம் கண்ணை மூடிக்கொண்டார்.

“சரிம்மா” என்றார் முன்சீப். “ஐம்பதுலேர்ந்து இந்தப் பத்து வாரத்தை யார் பொறுக்கினது?”

நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

“அனெக்ஸரைத் தயாரிச்சவர் பர்சனல் பிரிவு முதல்நிலை எழுத்தர், ஸார். இதோ இங்க எழுதிட்டிருக்காரே, அவர்தான்.”

என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். மற்ற மூவரும் பார்த்தார்கள். முனிரத்தினத்தின் பார்வையை நான் சந்திக்கவில்லை. நிப்பில் மை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

முன்சீப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “வேணும்னே செஞ்சதா?”

மேற்பார்வையாளர் சன்னல் வழியாக வெளியே பார்க்கத் தொடங்கியிருந்தார். நான் ரெலவன்ட் என்ற வார்த்தையை எனக்குள் சொல்லிப் பார்த்தேன். அதை யார் சொன்னார்கள் என்பதற்கு எழுத்தில் எதுவும் இல்லை. ‘வேணும்னே’ என்று சாட்சி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த குற்றப்பத்திரிகை எனக்கு, அதை நானே தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும்.

“ஒரு தடவையை வெச்சுச் சொல்ல முடியாது, ஸார். இவர் இதுக்கு முன்னாடி போட்ட அனெக்ஸரையெல்லாம் பார்த்தாத்தான் தெரியும். நான் பார்க்கல.”

முனிரத்தினத்தைக் குற்றவாளி ஆக்காத அதே தராசில் என்னையும் நிறுத்தி, அதே மாதிரி இறக்கிவிட்டார். கேட்டில் அன்று முனிரத்தினத்துக்கு ஏன் அவ்வளவு கசந்தது என்பது எனக்கு அப்போது புரிந்தது.

சாட்சியம் முடிந்தது. தாள்களை அவர் முன் வைத்தேன். அவர் படிப்பவர். முதல் பக்கம், கையெழுத்து. இரண்டாவது பக்கம், கையெழுத்து. மூன்றாவது பக்கத்தில் விரல் வரிவரியாக இறங்கி, பாதியில் நின்றது. பேனாவைக் கீழே வைத்தார்.

அந்த வரியில், பத்து வாரங்களைப் பொறுக்கியவர் இன்ன எழுத்தர் என்று அவர் சொன்னதற்கு, ‘அனெக்ஸர் அலுவலகத்தால் வழங்கப்பட்டது’ என்று நான் எழுதியிருந்தேன். பொய்யில்லை. அலுவலகம்தான் வழங்கியது. இப்படிப்பட்ட வாக்கியங்களில் எனக்குப் பன்னிரண்டு வருஷப் பழக்கம். கை தானாக எழுதியது என்று இன்றும் சொல்வேன்.

முன்சீப் மேற்பார்வையாளரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். இவர் தாளை என் பக்கம் திருப்பி, அந்த வரியின்மேல் விரலை வைத்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“இப்ப ரெண்டு, ஸார்.”

நான் அந்த வரியை அடித்து, மேலே சரியானதை எழுதி, என் பதவியை முழுதாக எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டேன். அவர் மீண்டும் முதல் வரியிலிருந்து படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எழுந்து போய் முன்சீப்பிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு தடவையும் போதாது என்று நினைத்தாரா, இல்லை இரக்கமா என்று எனக்குத் தெரியாது. இரக்கம் என்று நினைக்க எனக்கு விருப்பம்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை, முனிரத்தினம் பணிக்குத் திரும்பலாம். அவருக்குப் படித்துக் காட்டினேன். “நிரூபிக்கலயா? ‘தப்பு பண்ணல’ன்னு போடல?” என்றார். அந்தப் படிவத்தில் அப்படி ஒரு வாசகம் கிடையாது. “அந்தம்மா மாதிரியே பேசுது உங்க காயிதமும்” என்று சொல்லிவிட்டு உலைக்குப் போனார். அதன்பின் ஓய்வுபெறும்வரை என்னோடு பேசவில்லை; ‘மத்த நாள் அம்மா’வோடும் அதிகம் பேசவில்லை. விரிசல் சில மாதம் தொடர்ந்தது, பிறகு குறைந்தது. மணல் மாறியதாலா, உலையாலா, யாராலா என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. படிவம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் நானே அடித்து, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கி, எனக்கே கொடுத்துக்கொண்டேன். அன்று மாலையே, கெடுவுக்கு மூன்று வாரம் முன்னதாக, ‘மத்த நாள் அம்மா’வின் நீட்டிப்புக் கோப்பை எழுதினேன். எந்தப் பக்கத்தையும் விடாமல் இணைத்தேன். மேற்பார்வையாளர் அதை இரண்டு முறை திருப்பி அனுப்பினார். இரண்டு முறையும் விதி எண்ணைப் போட்டு மேலே அனுப்பினேன். கையெழுத்தானது. மனசாட்சி என்று சொல்லிக்கொள்ளலாம், பயம் என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

அதன்பிறகு ஆறு வருஷம் அவர் அங்கே இருந்தார். அந்த விஷயத்தை ஒருமுறைகூட எடுக்கவில்லை. நான்தான் எடுத்துக்கொண்டே இருந்தேன், எனக்குள். ஒவ்வொரு அனெக்ஸரிலும் எல்லாப் பக்கத்தையும் வைத்தேன். கோப்புகள் தடித்தன. தேவையில்லாமல் தாளை வீணாக்குகிறேன் என்று புது மேற்பார்வையாளர் குறிப்பு எழுதினார். தடுப்புக்கு அந்தப் பக்கம் இயந்திரம் சுற்றும்போதெல்லாம் அவர் ஏதோ என் சம்பந்தமாகவே கூட்டுவதாகத் தோன்றும். மணி அடித்தால் காது சிலிர்க்கும்.

அறுபதுகளின் நடுவில் டில்லியில் நிரந்தர வேலை கிடைத்துப் போனார். விடுவிப்பு ஆணையைக் கொடுக்க நானே அவர் மேஜைக்குப் போனேன். இயந்திரத்துக்கு உறை மாட்டியிருந்தது. குடை நாற்காலி முதுகில் தொங்கியது. சுற்றிலும் யாரும் இல்லை. கேட்டுவிட்டேன்.

“அன்னிக்கு ரெண்டுன்னு சொன்னீங்களே.”

“ஆமா, ஸார்.” மறக்கவில்லை.

“அதுக்கப்புறம் ஆறு வருஷம். அதுக்கு முன்னாடி பன்னிரண்டு வருஷம். நான் ஒழுங்கா எழுதின நாளெல்லாம் இருக்கே. எல்லாரையும் கேப்பீங்களே, மத்த நாள் என்னாச்சுன்னு. என் மத்த நாளையும் சேர்த்துக்கிட்டீங்களா?”

மூக்குக்கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார்.

“பதிவு இருக்கா, ஸார்?”

வருகைப் பதிவேடு இருந்தது. விடுப்பு, அபராதம், எச்சரிக்கை, தபால் வரவு, தபால் அனுப்புகை, உடைசல், எல்லாவற்றுக்கும் இருந்தது. எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று எனக்குத் தெரியும். ஒருவன் சொன்னதைச் சொன்னபடி எழுதிய நாட்களுக்கு எந்த அலமாரியிலும் எதுவும் இல்லை.

“இல்லை” என்றேன்.

தலையசைத்தார். விடுவிப்பு ஆணையைக் கையில் வாங்கி, மேலே எழுதியிருந்த இணைப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்தார். மூன்று என்றிருந்தது. விரலை நாக்கில் தொட்டு, ஒவ்வொன்றாகப் புரட்டி எண்ணினார். மூன்று இருந்தது. அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார்.